குப்பை கிளம்பும் இடம் ஸ்டோர்ஸ்

காலை பதினொரு மணிக்கு டீ வரும். பத்து நிமிடத்தில் மேஜைக்கடியில் இருக்கும் தொட்டிகள் பேப்பர் கப்புகளால் நிரம்பிவிடும். நாலு மணிக்கு இன்னொரு சுற்று. நூறு பேர் வேலை பார்க்கும் அலுவலகம் என்றால் நாளைக்கு 200 கப். மாதம் 25 வேலை நாள் என்று வைத்தால் 5,000, வருடத்துக்கு 60,000. ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம் கையில் இருந்துவிட்டுத் தொட்டிக்குப் போனவை.

பேப்பர்தானே, மக்கிவிடும் என்று நினைப்பவர்கள் ஏராளம். குடித்து முடித்த கப்பைத் தண்ணீரில் ஊறவைத்து, உள்பக்கத்தை நகத்தால் சுரண்டிப் பார்க்கட்டும். வழவழப்பான மெல்லிய படலம் ஒன்று உரிந்து வரும். டீயைக் கசியவிடாமல் பிடித்து வைப்பது அந்த பாலிஎதிலீன் பூச்சுதான். காகிதமும் பிளாஸ்டிக்கும் ஒட்டிக்கிடப்பதால் பழைய பேப்பர் கடையிலும் இதற்கு மதிப்பில்லை, உரக்குழிக்கும் ஆகாது. காரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2020-இல் இத்தகைய கப்பில் 100 மில்லி சூடான நீரை ஊற்றி 15 நிமிடம் வைத்துப் பார்த்தார்கள். சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் நீரில் கலந்திருந்தன.

தமிழ்நாட்டில் இந்தக் கப்புக்குத் தடை இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த 14 பொருட்களின் பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் உண்டு. உற்பத்தியாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். கப் மீதான தடை செல்லும் என்று 2023 அக்டோபரில் தீர்ப்பும் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் எத்தனையோ அலுவலகங்களின் மாதாந்திர இண்டென்ட்டில், அதாவது பொருள் வாங்கக் கேட்கும் பட்டியலில், பேப்பர் கப் ஒரு வரியாக நிற்கிறது என்பது வருத்தத்துக்குரியது.

குப்பையைக் குறைக்கக் கிளம்பும் நிர்வாகம் முதல் வேலையாகப் பச்சைத் தொட்டியும் நீலத் தொட்டியும் வாங்குகிறது. பிரித்துப் போடத்தான் வேண்டும். 2016-லேயே திடக்கழிவு விதிகள் அதைக் கட்டாயமாக்கின. ஆனால் தொட்டிக்கு வந்து சேர்வதெல்லாம் அலுவலகமே காசு கொடுத்து வாங்கியவை. எதை வாங்குவது என்று தீர்மானிப்பவர்கள் இண்டென்ட் போடும் ஸ்டோர்ஸ் ஊழியரும் அதில் கையெழுத்திடும் அதிகாரியும். குப்பை கிளம்பும் இடம் அதுதான். அடைப்பதும் அங்கேயே சுலபம்.

சிக்கிம் அரசு அந்த இடத்தில்தான் கை வைத்தது. அரசுக் கூட்டங்களில் பாட்டில் தண்ணீர் கூடாது என்று 2016-இல் உத்தரவிட்டது. கேரளம் 2015 தேசிய விளையாட்டுப் போட்டிகளில் ‘கிரீன் புரோட்டோகால்’ என்று ஒரு முறையைக் கொண்டுவந்து, பிறகு அதை அரசு அலுவலகங்களுக்கும் விரிவுபடுத்தியது. ஊழியர்கள் தங்கள் தட்டையும் டம்ளரையும் தாங்களே வைத்துக்கொள்வது, ஃப்ளெக்ஸுக்குப் பதில் துணி பேனர் கட்டுவது என்று எல்லாமே எளிய மாற்றங்கள்.

காகிதத்துக்கும் இதே கதைதான். உச்ச நீதிமன்றம் 2020-இல் ஏ4 தாளில் இரு பக்கமும் அச்சிடும் முறைக்கு மாறியது. கட்டுக்கட்டாக வழக்குக் காகிதம் புழங்கும் இடத்திலேயே முடிந்தது மற்ற அலுவலகங்களில் முடியாதா? பிரிண்டரின் செட்டிங்கை ஒருமுறை இருபக்கத்துக்கு மாற்றி வைத்தால் போதும். ‘காகிதத்தைச் சேமிப்போம்’ என்று சுவரில் ஒட்டும் நோட்டீசைவிட அது நன்றாக வேலை செய்யும்.

பழுதான கம்ப்யூட்டர், கீபோர்டு விஷயத்தில் மட்டும் காயலான் கடை கூடாது. வயரை எரித்துச் செம்பு எடுக்கும் இடங்களுக்கு அவை போய்ச் சேரக்கூடும். பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம்தான் ஒப்படைக்க வேண்டும்.

சென்னையில் நாள்தோறும் 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. அதில் பெரும்பகுதி போய்ச் சேரும் இடங்கள் கொடுங்கையூரும் பெருங்குடியும். பெருங்குடிக் கிடங்கு இருப்பதோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். 2022 ஏப்ரலில் அந்தக் கிடங்கு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. அதே ஆண்டில்தான் அந்தச் சதுப்பு நிலத்துக்குச் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரமும் கிடைத்தது. அலுவலகத் தொட்டியிலிருந்து கிளம்பும் கப் போய் விழுவது இங்கேதான்.

பேப்பர் கப்பை விட்டு டம்ளருக்கு மாறும்போது ஒன்றை மறக்கக்கூடாது. 200 டம்ளரைக் கழுவுவது ஒரு வேலை. ஏற்கெனவே நாலு மாடியைப் பெருக்கித் துடைக்கும் அம்மாவின் தலையில் அதையும் சம்பளமில்லாமல் ஏற்றினால், சுற்றுச்சூழலின் பெயரால் ஓர் அநியாயம் நடக்கும். அவரவர் டம்ளரை அவரவர் கழுவட்டும். விருந்தினருக்கானவற்றைக் கழுவுவதற்குத் தனியாகக் கூலி கொடுக்கட்டும். கப் வாங்கிய காசு மிச்சமாகுமே.

அடுத்த மாத இண்டென்ட் கையெழுத்துக்கு வரும்போது அதிகாரிகள் ஒரு நிமிடம் செலவிட வேண்டும். பேப்பர் கப், அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் என்ற இரண்டு வரிகளை அடித்துவிட்டு, எவர்சில்வர் டம்ளர் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.