"கண்டறியப்படவில்லை" என்றால் போதுமா?

பீலித் தண்ணீர் பற்றி முறைப்பாடு செய்தால், பல நாள் இழுத்தடித்த பின் ஒற்றைத் தாள் அறிக்கை வரும். ஈயம்: கண்டறியப்படவில்லை. கட்மியம்: கண்டறியப்படவில்லை. அதோடு பேச்சு முடிந்துவிடும். அந்தச் சொல்லை நாம் அப்படியே ஏற்கக் கூடாது.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலின்படி, ஒரு லீற்றர் குடிநீரில் ஈயம் 10 மைக்ரோகிராமையும் கட்மியம் 3 மைக்ரோகிராமையும் தாண்டக் கூடாது. 10,000 லீற்றர் பவுசர் ஒன்றில் வெறும் 0.1 கிராம் ஈயம் கலந்தாலே அந்த எல்லை வந்துவிடும். சாதாரண சுடர் முறைக் கருவிக்கு இவ்வளவு சிறிய அளவு பிடிபடுவது கடினம். கிரபைட் உலை பொருத்திய கருவியோ ஐ.சி.பி.எம்.எஸ். கருவியோ 1 மைக்ரோகிராமுக்குக் குறைந்த ஈயத்தையும் காட்டும். 50 மைக்ரோகிராமுக்குக் கீழே பார்க்க முடியாத கருவி "இல்லை" என்று சொன்னால், தண்ணீரில் 40 இருந்தாலும் நமக்குத் தெரியவராது.

மாதிரி எடுப்பதிலும் கவனம் வேண்டும். அமிலத்தால் கழுவிய பிளாஸ்டிக் போத்தலில் எடுத்து, நைத்திரிக்கமிலம் சேர்க்காவிட்டால் உலோகம் போத்தல் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். கிருமிப் பரிசோதனைக்கு எடுத்த போத்தல் இதற்கு உதவாது. குழாயை நெடுநேரம் திறந்துவிட்டுப் பிடித்தால், இரவெல்லாம் பழைய குழாயில் தேங்கி ஈயம் கலந்த நீர் ஓடிப்போய்விடும். விடியற்காலை முதல் நீரையும் பிடிக்க வேண்டும். உரம் போட்ட பின் பெய்யும் முதல் மழையில் ஊற்று நீரையும் பிடிக்க வேண்டும்.

கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உலோகம் போகாது. சிறு பிள்ளைகளின் உடல் பெரியவர்களைவிட நான்கு ஐந்து மடங்கு ஈயத்தை உறிஞ்சும். அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். நம் பிள்ளைகளுக்குப் படிப்பு வரவில்லை என்று பேசுவோர், அவர்கள் குடிக்கும் தண்ணீரையும் கேட்கட்டும்.

ஆகவே தோட்டத் தலைவர்களும் மாதர் சங்கத்தினரும் நிர்வாகத்திடம் நான்கு விடயங்களை எழுத்தில் கேட்க வேண்டும்: எந்தக் கருவி? அது கண்டறியக்கூடிய மிகக் குறைந்த அளவு என்ன? மாதிரி எங்கே, எந்த நேரத்தில் எடுக்கப்பட்டது? அமிலம் சேர்க்கப்பட்டதா? மாதிரி எடுக்கும்போது தொழிலாளர் பிரதிநிதி ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். அறிக்கை தமிழில் லயத்துக்கு வர வேண்டும்.

சம்பளத்துக்குப் பேசும் மேசையிலேயே இதையும் வைப்போம். சுத்தமான தண்ணீர் சலுகையல்ல, நம் உரிமை.