குழந்தைகளும் கோடைக் கடலும்

பள்ளிக்கூடங்கள் கோடை விடுமுறைக்காக மூடப்பட்டவுடன் நமது குடும்பங்களில் ஒரு விவாதம் ஆரம்பமாகிறது. பாட்டி ஊருக்குப் போவதா, மலைக்குப் போவதா, கடலுக்குப் போவதா என்பதே விவாதத்தின் பொருள். மலைக்குப் போவதென்றால் செலவு அதிகம். அத்துடன், 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் உயர்நீதிமன்ற உத்தரவின்படி உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற அனுமதிச் சீட்டு முறையும் வந்து சேர்ந்தது. பாட்டி ஊரில் பாட்டி இருக்கிறாள். ஆனால் அலை இல்லை. ஆகவே வீட்டிலுள்ள சிறுவர் சிறுமியர் "கடல்" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புக் கூறி விடுகிறார்கள். நாம் அறிந்த வரையில் அந்தத் தீர்ப்பின் மேல் அப்பீல் செய்து ஜெயித்த தகப்பனார் எவருமில்லை.

கடலுக்குப் போவதை நாம் ஆட்சேபிக்க வரவில்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடற்கரையை உடைய நாட்டில் பிறந்த குழந்தை கடல் நீரில் கால் நனைக்காமல் வளருவது நியாயமன்று. ஆனால், எந்தக் கடற்கரைக்குப் போவது என்று பெற்றோர்கள் முடிவு செய்யும் முறை நமக்குச் சிறிதும் திருப்தியளிக்கவில்லை. ரயில் உண்டா, விடுதி வாடகை என்ன, பக்கத்தில் கோயில் இருக்கிறதா, போட்டோ எடுத்தால் அழகாக விழுமா என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். கடல் எப்படிப்பட்டது என்று மட்டும் விசாரிப்பதில்லை. மாப்பிள்ளையின் வீடு, நிலம், வேலை, சம்பளம் எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்டுவிட்டு, அவனுடைய குணத்தைக் கேட்க மறந்துபோன சம்பந்தியின் காரியத்துக்கு இது ஒப்பாகும்.

கடலுக்குக் குணம் உண்டு. அது ஊருக்கு ஊர் மாறும். மாதத்துக்கு மாதம் மாறும். 2024ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டத்தில் கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் அலையில் அகப்பட்டு உயிரிழந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவர்கள் குழந்தைகளல்லர், படித்தவர்கள், வாலிப வயதினர். அன்று அங்கே புயலுமில்லை, மழையுமில்லை. பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், தென் இந்துமாக்கடலில் வீசிய பெருங்காற்றினால் எழும் நெடிய அலைகள் சில தினங்கள் பிரயாணம் செய்து நமது தென்முனையை வந்து தாக்குவதுண்டு. உள்ளூர்க் காற்று ஓய்ந்து கிடக்கையிலேயே கடல் திடீரென்று கரையேறும். இதற்குக் 'கள்ளக்கடல்' என்று கேரளத்து மீனவர்கள் பெயரிட்டிருக்கிறார்கள். விஞ்ஞானிகளும் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டு விட்டார்கள். திருடனைப் போல் சொல்லாமல் வருவதால் அந்தப் பெயர். அது அதிகமாக வரும் காலம் எது என்று கேட்டால், ஏப்ரலும் மே மாதமும்தான். அதாவது, சரியாக நமது பள்ளி விடுமுறைக் காலம்!

ஆகவே, கோடையில் குழந்தைகளை அழைத்துச் செல்லுகிறவர்கள் முதலில் நிதானிக்க வேண்டியது திசையையே. கேரளத்துக் கோவளமும் வர்க்கலையும் மார்கழி, தை மாதங்களில் எவ்வளவோ இதமானவை. ஆனால் மே மாதம் பாதி கழியும்போதே தென்மேற்குப் பருவத்தின் கொந்தளிப்பு அந்தக் கரையை எட்டிவிடுகிறது. குமரி முனையிலிருந்து முட்டம் வரையிலுள்ள கரை பார்ப்பதற்கு அற்புதமானது. பாறையும் அலையும் மோதும் காட்சிக்கு ஈடு கிடையாது. பார்க்கட்டும், பாறைக்கு எட்ட நின்று பார்க்கட்டும். ஐந்து வயதுக் குழந்தையை இறக்கிக் குளிப்பாட்டும் இடமன்று அது.

சென்னை மெரினாவைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர் கடலுக்குள் நீட்டப்பட்ட பின்பு, தெற்கே மணல் வந்து சேர்ந்து சேர்ந்து உண்டான கரை அது. மணற்பரப்பு எவ்வளவுக்கெவ்வளவு விசாலமோ, அவ்வளவுக்கவ்வளவு நீருக்குள் இறக்கம் செங்குத்தானது. முழங்கால் ஆழத்தில் நிற்பவனுக்கு இரண்டடி தள்ளிக் கால் எட்டாது. குளிக்கக் கூடாதென்று போலீஸார் தடை விதித்திருப்பது வீம்புக்காக அல்ல. சுண்டல் தின்னவும், பட்டம் விடவும், மாலைக் காற்று வாங்கவும் மெரினாவைப் போன்ற இடம் வேறில்லை. அதோடு திருப்தியடைவதே உத்தமம். சென்னைவாசிகள் குளித்தே தீர வேண்டுமென்றால் தெற்கே கோவளத்துக்குப் போகலாம். நீரின் தூய்மை, உயிர்காப்போர் முதலிய 33 விதிகளை உடைய 'நீலக்கொடி' என்னும் சர்வதேசச் சான்றிதழை அந்தக் கரை 2021ஆம் ஆண்டில் பெற்றது. ஆயினும் அங்கே இருப்பதும் வங்கக் கடலின் அலைதான். சான்றிதழை அலை வாசித்துப் பார்ப்பதில்லையாதலால், காப்பாளர் காட்டும் எல்லைக்குள்ளேயே நிற்க வேண்டும்.

அப்படியானால் சிறு குழந்தைகளுக்கு ஏற்ற கடல் தமிழ்நாட்டில் இல்லையா? இருக்கிறது. ராமேசுவரம் பகுதி மீனவர்கள் தங்கள் தீவின் இருபுறத்திலுமுள்ள கடல்களில் ஒன்றை ஆண் கடல் என்றும் மற்றொன்றைப் பெண் கடல் என்றும் சொல்லுவார்கள். தெற்கேயுள்ள மன்னார் வளைகுடா ஆண் கடல். வடக்கேயுள்ள பாக் விரிகுடா பெண் கடல். பெண் கடலும் ஐப்பசி, கார்த்திகை வாடைக் காலத்தில் சீறத்தான் செய்யும். ஆனால் கோடையில் வீசுவது தென்காற்றும் தென்மேற்குக் காற்றும். அந்தக் காற்றையும் தெற்கிலிருந்து வரும் நெடிய அலையையும் ராமேசுவரம் தீவும் மணல்திட்டுகளும் இலங்கையும் குறுக்கே நின்று தடுத்து விடுகின்றன. பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைவான ஆழமுடைய அந்த விரிகுடா, சித்திரை வைகாசியில் ஊர்க் குளம் போல் கிடக்கிறது. ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவே, சவுக்குத் தோப்பின் நிழலோடு கூடிய அரியமான் கரையில் வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் பெரியவர்களின் இடுப்பைத் தாண்டுவதில்லை. பிரயாணமும் இப்பொழுது எளிதாகி விட்டது. 2022ஆம் ஆண்டு டிசம்பரில் நின்றுபோன ராமேசுவரம் ரயில்கள், 2025 ஏப்ரல் 6ஆம் தேதி புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டதிலிருந்து மறுபடியும் தீவுக்குள் செல்லுகின்றன. பாலத்தின் மேல் ரயில் ஊர்ந்து போகும்போது ஜன்னலோரத்துக்கு நடக்கும் சண்டையைத் தீர்த்து வைப்பது பெற்றோர் பொறுப்பு.

பாக் விரிகுடாவின் குறைகளையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அடியில் சில இடங்களில் சேறு இருக்கும். கிளிஞ்சல் காலைக் கிழிக்கும். பழைய செருப்போடு இறக்குவது நல்லது. கரையில் பாசி ஒதுங்கிக் கிடக்கிறதென்று சில தாய்மார்கள் முகம் சுளிப்பார்கள். அது பாசியல்ல, கடற்புல். ஆவுளியா என்னும் கடற்பசு மேய்வது அந்தப் புல்லைத்தான். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய விரிகுடாப் பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை இந்தியாவின் முதல் கடற்பசு காப்பகமாக 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு சர்க்கார் அறிவித்தார்கள். இதைக் குழந்தையிடம் சொன்னால், முகம் சுளிப்பதற்குப் பதிலாக ஆவுளியா எங்கே என்று நாள் முழுவதும் தேடும். சில சமயம் சொறிமுட்டை மிதந்து வந்து தீண்டிவிடுவதுண்டு. தீண்டிய இடத்தை மணலால் தேய்க்காமல் கடல் நீராலேயே அலம்ப வேண்டும்; மூச்சுத் திணறல் கண்டால் தாமதியாமல் டாக்டரிடம் போக வேண்டும். தனுஷ்கோடிக்கும் ஒரு நடை போய் வரலாம். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. ஆனால் இரு கடலும் கூடும் அரிச்சல்முனையில் நீரோட்டம் பொல்லாதது. அங்கே கரையோடு சரி.

மற்றோர் அபாயத்தைப் பற்றிப் பலர் யோசித்தே இருக்க மாட்டார்கள். கோடையில் அரியமான் கரையில் காற்று பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அலை அடங்கியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் கடைத்தெருவில் வாங்கிய காற்றடைத்த வாத்தின் மேல் குழந்தையை உட்கார வைத்துவிட்டுத் தகப்பனார் செல்போனைப் பார்த்துக் கொண்டிருந்தால், அந்த வாத்து இலங்கையை நோக்கிப் புறப்பட்டு விடும். நீந்திப் பிடிப்பது சுலபமன்று. கிழக்குக் கரையின் மற்ற இடங்களிலும் விடியற்காலையில் தரைக்காற்று இவ்விதமே வீசும். காற்றடைத்த பொம்மைகளை வீட்டில் வைத்துவிட்டு ஒரு வாளியும் கொட்டாங்கச்சியும் எடுத்துப் போனால் போதும்.

சில ஆண்டுகளுக்கு முன் நமது குடும்பத்துச் சிறுவன் ஒருவனைத் தெற்கத்திக் கரை ஒன்றில் கணுக்காலளவு நீரில் நிறுத்தியிருந்தோம். கையெட்டும் தூரத்தில்தான் நின்றோம். அலை வந்தபோது ஒன்றும் ஆகவில்லை. அது திரும்பியபோது காலடி மணலைப் பறித்துக்கொண்டு, பையனையும் உருட்டிக்கொண்டு போயிற்று. அவன் கூச்சலிடவில்லை. வாய் நிறைய நீர் இருக்கையில் யாரும் கூச்சலிடுவதில்லை. சட்டையின் முதுகுப்புறம் நமது கைக்கு அகப்பட்டது. பத்தடி தள்ளி நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எழுத நமக்கு மனம் வரவில்லை. அலையடிக்கும் கரைகளில், நீர் அமைதியாகவும் சற்றுக் கருமையாகவும் தோன்றும் இடைவெளியைப் பார்த்து, இங்கே அலை இல்லையென்று குழந்தையை இறக்குவதும் பெரிய தவறு. கரையேறிய நீர் முழுவதும் கடலுக்குத் திரும்பும் வாய்க்கால் அதுவே. தூண்டில் வளைவுக் கற்களின் ஓரத்திலும் அத்தகைய இழுப்பு உண்டு. அகப்பட்டவர் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாகச் சிறிது தூரம் நீந்தினால் தப்பலாம். நீந்தத் தெரியாத குழந்தைக்கு இந்த உபதேசத்தால் பிரயோஜனமில்லை.

வெயிலைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. கத்திரியில் காலை எட்டு மணிக்குள் குளித்துக் கரையேறி, மாலை ஐந்துக்கு மேல் மறுபடி வந்தால் போதும். நடுப்பகலில் தூக்கமும் மோரும்.

பெற்றோர் கடமை இவ்வளவு என்றால், சர்க்கார் கடமை எவ்வளவு? லெமூர் கரையில் அலை எழுந்த அன்று, ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் மையத்தின் எச்சரிக்கை முன்னதாகவே வந்திருந்தது. அது கலெக்டர் ஆபீஸுக்கும் பத்திரிகைகளுக்கும் வந்து சேருகிறது. குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு மணலில் நிற்கும் தாய்க்குப் போய்ச் சேருவதில்லை. கரையில் ஒரு சிவப்புக் கொடி ஏற்றுவதற்குப் பெரிய திட்டம் வேண்டுமா? கோவா சர்க்கார் 2008ஆம் ஆண்டு முதலே தங்கள் கடற்கரைகளில் பயிற்சி பெற்ற உயிர்காப்போரை நிறுத்தியிருக்கிறார்கள். பூரியில் அதற்கும் வெகுகாலத்துக்கு முன்பிருந்து, கூம்பு வடிவத் தொப்பியணிந்த நுலியா என்னும் மீனவர்கள் யாத்திரிகரின் கையைப் பற்றி அலையில் இறக்கிக் கரையேற்றுகிறார்கள். நமது கரைகள் பலவற்றில் விடுமுறைக் கூட்டத்துக்கிடையே ஓரிரு போலீஸாரும் ஒரு விசிலுமே காவலாக இருக்கின்றன.

ஆள் கிடைக்கவில்லையென்று சொல்லுவதை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். மீன்கள் இனப்பெருக்கம் செய்வதற்காகக் கிழக்குக் கரையில் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடையிருக்கிறது. நமது பள்ளி விடுமுறை அதற்குள்ளேதான் அடங்குகிறது. அந்த நாட்களில் விசைப்படகுத் தொழிலாளர்கள் வேலையின்றிக் கரையில் உட்கார்ந்து வலை பழுது பார்க்கிறார்கள். சர்க்கார் நிவாரணத் தொகையும் கொடுக்கிறார்கள். எந்த மணல்திட்டு எங்கே இருக்கிறது, எந்த வாய்க்கால் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. குழந்தைகள் கூடும் கரை ஒவ்வொன்றிலும், காலையில் மூன்று மணி நேரமும் மாலையில் இரண்டு மணி நேரமும் அவர்களில் நால்வரை ஒரு மிதவை, ஒரு கயிறு, ஒரு சிவப்புக் கொடியோடு நிறுத்தி, நிவாரணத்தோடு கூலியும் கொடுக்கலாமல்லவா? மூச்சு நின்றவருக்கு முதலுதவி செய்வதை அவர்களுக்குச் சில தினங்களில் கற்பித்து விடலாம். மீன்துறையாரும் சுற்றுலாத் துறையாரும் இதுபற்றி ஒரு முறை ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும். கடலோர மாவட்டங்களின் கலெக்டர்கள், அடுத்த தடைக்காலம் பிறக்குமுன் தத்தம் கரைகளுக்கு வேண்டிய ஆட்களின் ஜாபிதாவை மீனவர் சங்கங்களிடமிருந்து கேட்டு வாங்கி வைத்துக் கொள்ளட்டும்.