அந்த ஒரு செ.மீ. எங்கே போச்சு?

போன மாதம் சங்கரன்கோவிலில் என் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தேன். கோமதி அம்மனைக் கும்பிட்டுவிட்டு வாசற்படி ஏறியதுமே, "மைனி, பிள்ளை குறுகிட்டானே, பாத்தியளா!" என்று கண்ணைக் கசக்கினாள்.

மூன்று வயது மகனைச் சுவரோரம் நிறுத்தி, மாதாமாதம் பென்சிலால் கோடு போடுவது அவள் வழக்கம். புதுக்கோடு பழைய கோட்டுக்கு ஒரு செ.மீ. கீழே இருந்தது!

"இதுக்கு ஏன் அழுகை? என் போன் காமிராவே தூரத்தை அளக்கும்" என்று வந்தான், இன்ஜினீயரிங் படிக்கும் அவள் கொழுந்தன். பிள்ளையைப் பீரோ அருகே நிறுத்திப் பிடித்தான். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கணக்கு! "பீரோக் கண்ணாடி கெடுத்துட்டு" என்றான்.

அவன் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். சில செல்போன்களில் உள்ள இந்தக் காமிரா, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அனுப்பும். அது பட்டுத் திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும். ஒரு நொடியை நூறு கோடிப் பங்கு போட்டால், ஒரு பங்கில் ஒளி போவது சுமார் 30 செ.மீ. அந்தப் பங்கிலும் பதினைந்தில் ஒன்று பிசகினால் 1 செ.மீ. தப்பு! கண்ணாடியிலும் சுவரிலும் பட்டுச் சுற்றி வரும் ஒளி தாமதமாக வருவதால் கணக்குக் குழம்பும். வெயிலிலும் அகச்சிவப்பு ஒளி உண்டு, அதுவும் இடைஞ்சல்.

2013-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், நாசிக்கில் பிறந்த ரமேஷ் ராஸ்கரின் குழு, ஒளியைச் சங்கேதமாக விட்டுவிட்டு அனுப்பி, நேரே வந்ததையும் சுற்றி வந்ததையும் பிரித்துக் காட்டியது. 'வெல்ட்ஹங்கர்ஹில்ஃபே' என்ற ஜெர்மானியத் தொண்டு நிறுவனம், ஊட்டக்குறைவைக் கண்டுபிடிக்க இப்படிப்பட்ட காமிராவால் நம் நாட்டுக் குழந்தைகளை அளந்து சோதித்தது.

ஒரு செ.மீ.க்கா இவ்வளவு பாடு என்கிறீர்களா? மூன்று வயதுப் பிள்ளை வருஷத்துக்கு வளர்வதே சுமார் 7 செ.மீ.தான். ஒரு செ.மீ. தப்பினால் ஒன்றரை மாத வளர்ச்சி கண்ணில் படாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நாலில் ஒன்று வயதுக்கேற்ற உயரமில்லை.

ஆகவே சகோதரிகளே, வீட்டில் அளக்கும்போது இவற்றைக் கவனியுங்கள்:

* செருப்பில்லாமல், குதிகாலும் முதுகும் சுவரில் படும்படி, நேரே பார்க்க நிறுத்துங்கள்.

* தலைமேல் தட்டையான புத்தகத்தை வைத்து, முடி அமுங்க அழுத்திக் கோடு போடுங்கள். இரண்டு தடவை அளங்கள்.

* இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையைப் படுக்க வைத்தே அளக்க வேண்டும். நிற்கும் உயரத்தைவிட இது 0.7 செ.மீ. போலக் கூடுதலாக வரும், இரண்டையும் கலக்காதீர்கள்.

* இரண்டு மூன்று மாதம் கோடு ஏறாவிட்டால், அங்கன்வாடியிலோ டாக்டரிடமோ காட்டுங்கள்.

என் நாத்தனார் மகன் விஷயம்? அவன் மண்டையைத் தடவிப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போன தடவை அளந்தபோது தலை நிறைய முடி. நடுவில் நேர்த்திக்கடன் மொட்டை! அந்த ஒரு செ.மீ.யைச் சாமிக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?