பிடிலும் பூர்வ ஜென்மப் புண்ணியமும்

சங்கீத வித்துவான்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நம்மவர்கள் ஒரு வார்த்தையைத் தயாராக வைத்திருக்கிறார்கள். "பாலப் பருவத்திலேயே மேடை ஏறிவிட்டார், எல்லாம் பூர்வ ஜென்மப் புண்ணியம்" என்பதே அது. கேட்பதற்குப் புகழ்ச்சி போலத் தோன்றும் இவ்வார்த்தை, நமது தோட்டத்துப் பிள்ளைகளின் தலையில் கல்லைப் போடும் வார்த்தை என்று நாம் சொல்லுகிறோம்.

குன்னக்குடி வைத்தியநாதனையே எடுத்துக்கொள்வோம். 1935-ஆம் ஆண்டு காரைக்குடிக்கு அருகிலுள்ள குன்னக்குடியில் பிறந்தவர். பன்னிரண்டாம் வயதிலேயே அரியக்குடி இராமானுஜ ஐயங்காருக்குப் பக்கவாத்தியம் வாசித்தார். 1969-இல் 'வா ராஜா வா' படத்துக்கு இசையமைத்தார். 1976-இல் பக்கவாத்தியத்தை விட்டுவிட்டு, வலையப்பட்டி சுப்பிரமணியத்தின் தவிலைத் துணையாகக் கொண்டு தனிக் கச்சேரியில் இறங்கினார். சினிமாப் பாட்டை வாசிக்கிறார் என்று பண்டிதர்கள் முகஞ் சுளித்தார்கள். பாமர ஜனங்கள் சுளிக்கவில்லை. 2008-இல் அவர் மறையும்வரை அவருடைய கச்சேரிக்குக் கூட்டம் குறையவில்லை.

இவருடைய புண்ணியம் எங்கிருந்து வந்தது? தகப்பனார் இராமசாமி சாஸ்திரிகள் சங்கீதம் அறிந்தவர். அவரே மகனுக்கு ஆசான். லால்குடி ஜெயராமனுக்கு ஆசான் யார்? தகப்பனார் கோபால ஐயர். எம். எஸ். கோபாலகிருஷ்ணனுக்கு? தகப்பனார் பரூர் சுந்தரம் ஐயர். டி. என். கிருஷ்ணனுக்கு? தகப்பனார் நாராயண ஐயர். துவாரம் வேங்கடசாமி நாயுடுவுக்கோ தமையனார். புண்ணியமானது இவ்வளவு ஒழுங்காக, வித்தை தெரிந்த வீடுகளையே தேடிப்போய்ப் பிறப்பானேன்? வீட்டில் பிடில் இருந்தது; கற்றுக்கொடுக்க ஆள் இருந்தது; பிழையைத் திருத்த விடியற்காலையிலேயே ஒருவர் அருகில் உட்கார்ந்திருந்தார். அப்பிள்ளைகளின் உழைப்பை நாம் குறைத்துச் சொல்லவில்லை. உழைப்பதற்கு அவர்களுக்கு இடம் கிடைத்தது என்றே சொல்லுகிறோம்.

"பிடில் பெரிய இடத்து வித்தை, நமக்கு எதற்கு?" என்பாரும் உண்டு. பிடில் யாருடைய பாட்டன் சொத்து? சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் கற்றுக்கொண்ட வாத்தியம் அது. தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு அதை வளர்த்தார். கும்பகோணம் இராஜமாணிக்கம் பிள்ளை அதனாலேயே 'சங்கீத கலாநிதி' ஆனார். கடல் கடந்து வந்த நம்மைப் போலவே கடல் கடந்து வந்த வாத்தியத்துக்குக் குலம் ஏது, கோத்திரம் ஏது?

வெனிசுலா நாட்டில் 1975-இல் ஜோசே அந்தோனியோ அப்ரேயு என்பவர் பிள்ளைகளைத் திரட்டி, வாத்தியங்களைக் கையில் கொடுத்துப் பழக்கத் தொடங்கினார். அந்த ஏற்பாட்டில் பயின்ற எடிக்சன் ரூயிஸ், பிடிலுக்குத் தமையன் போன்ற டபுள் பாஸ் வாத்தியத்தை வாசித்துப் பதினேழாம் வயதில் பெர்லின் பில்ஹார்மோனிக் குழுவில் சேர்ந்தார். அங்கே புண்ணியத்தையா பங்கிட்டுக் கொடுத்தார்கள்? வாத்தியத்தை அல்லவா கொடுத்தார்கள்!

நமது மலாக்காவின் கதையைப் பார்ப்போம். நாம் வேலை செய்யும் தோட்டத்தில் ஒரு சிறுவன் இருந்தான். திருவிழா இரவுகளில் மற்றப் பிள்ளைகள் வாணவேடிக்கை பார்க்க ஓடுவார்கள். அவன் நாகஸ்வரக்காரரின் விரல்களையே பார்த்துக்கொண்டு நிற்பான். கேட்ட பாட்டை மறுநாள் லயத்து வாசலில் பிசகாமல் சீட்டியடிப்பான். வாரம் ஒருமுறை பட்டணத்திலிருந்து ஓர் ஆசிரியரை அழைக்கலாம் என்று திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். "பணம் ஏது?" என்று கேட்டு அப்பேச்சை முடித்தார்கள். அன்று கணக்கேடு நமது கையில்தான் இருந்தது. அவ்வாண்டு வாணவேடிக்கைக்கும் மேடை ஆட்டத்துக்கும் ஆன செலவில் பாதி போதும், ஓர் ஆண்டுக்கு ஆசிரியர் சம்பளம் தீர்ந்திருக்கும். நமக்கு அது தெரியும். ஆயினும் வாய் திறக்கவில்லை. அச்சிறுவன் இன்று லாரியில் செம்பனைக் குலை ஏற்றுகிறான். அவனுக்குப் புண்ணியம் இல்லை என்பார்களோ? இல்லாமற் போனது நமக்கு யோக்கியதை!

ஜாசின், அலோர் காஜா பக்கங்களில் தோட்டங்கள் குறைந்து, ஜனங்கள் பட்டணத்து வீடுகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். வீடு மாறியும் இப்புத்தி மாறவில்லை. ஆகவே திருவிழா நடத்தும் தலைவர்களை நாம் கேட்டுக்கொள்வது இதுதான்: அடுத்த ஆண்டு வாணத்தைப் பாதியாக்குங்கள். இரண்டு பிடில் வாங்குங்கள். ஓர் ஆசிரியரை அமர்த்துங்கள். பிறகு எந்தப் பிள்ளைக்குப் புண்ணியம் இருக்கிறது, எந்தப் பிள்ளைக்கு இல்லை என்று தாராளமாகச் சோதித்துப் பாருங்கள்.