கியர் பொத்தான் உடைந்தால் பூட்டைக் கழற்றுவதா?



கொஞ்சம் நீளமான பதிவு. வாகனம் இல்லாதவர்களும் தயவுசெய்து வாசியுங்கள். பாடசாலை விடும் நேரத்தில் வாசலில் நிற்பது எல்லோருடைய பிள்ளைகளும்தான்.

ஓட்டோ கியர் வாகனம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், கியர் தடியில் பெருவிரலால் அமுக்கும் பொத்தான் ஒன்று இருக்கிறது. கடந்த நோன்பு மாதத்தில் ஒரு நாள் காலை, பாடசாலைக்குப் புறப்படும் நேரம், எமது வாகனத்தில் அந்தப் பொத்தான் உள்ளே போனது. திரும்பி வரவில்லை. வாகனம் 'பீ'யில் நிற்கிறது. எஞ்சின் ஓடுகிறது, ஏசி குளிர்கிறது, நான்கு டயரிலும் காற்று இருக்கிறது. ஆனால் ஓர் அங்குலம் நகராது. 2017ஆம் ஆண்டு உற்பத்தி, எமது ஊர்க் கணக்கில் அது புது வாகனம். லீசிங் கூட இன்னும் முடியவில்லை. அன்று ஓட்டோ பிடித்துத்தான் பாடசாலைக்குப் போனோம்.

கொழும்பில் உதிரிப்பாகம் விற்கும் ஓர் இடத்துக்கு அழைப்பெடுத்தோம். மிக மரியாதையாகப் பேசினார்கள். "சேர், பட்டன் மட்டும் வராது. முழு செட்டாத்தான் மாத்தணும்." முழு செட் என்றால் தடி, அதன் அடிப்பெட்டி, உள்ளே இருக்கும் பூட்டு, வயர் எல்லாம். விலை ஒன்றரை இலட்சத்துக்கு மேல். கூலி வேறு. எமது கைக்கு வரும் இரண்டு மாதச் சம்பளம் அது. உடைந்தது என்னவோ சுண்டுவிரல் நகமளவு பிளாஸ்டிக் துண்டு.

இங்கேதான் எமது முதல் கோபம். ஒரு சட்டையில் பொத்தான் கழன்றால் தையற்காரர் புதுச் சட்டை வாங்கச் சொல்வதில்லை. தினமும் நூறு தடவை அமுக்கப்படும் ஒரு பாகத்தைப் பிளாஸ்டிக்கில் செய்துவிட்டு, அதைத் தனியாக விற்க மாட்டோம் என்று சொல்வது என்ன நியாயம்? அவுஸ்திரேலியாவில் 2022 ஜூலை முதலாம் திகதியிலிருந்து வாகனம் திருத்தும் தகவல்களை வெளிக் கராஜ்களுக்கும் நியாயமான விலைக்கு விற்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் 2012ஆம் ஆண்டிலேயே அப்படியொரு சட்டம் வந்துவிட்டது. எமது நாட்டில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கிறது. ஆனால் "பொத்தான் மட்டும் தா" என்று கேட்டு அந்தப் படியேறியவர் எமது ஊரில் எத்தனை பேர்? நாமும் ஏறவில்லை. ஒப்புக்கொள்கிறோம்.

சரி, கொழும்புக்காரனைத் திட்டிவிட்டுப் பதிவை முடித்தால் நிறைய லைக் கிடைக்கும். விஷயம் அதோடு முடியவில்லை.

அன்று பின்னேரம் ஊர்க் கராஜிலிருந்து பாஸ் வந்தார். நல்ல மனுஷன், கைராசிக்காரர். பொத்தானை முதலில் சுப்பர் குளூ வைத்து ஒட்டினார். இரண்டு நாளில் மீண்டும் விழுந்தது. அடுத்த முறை, "சேர், இனி இந்தப் பிரச்சினையே வராது" என்று சொல்லி அரை மணித்தியாலத்தில் முடித்துத் தந்தார். மூவாயிரம் ரூபாய். பொத்தானே அமுக்கத் தேவையில்லை, தடியை இழுத்தால் வருகிறது. எவ்வளவு இலகு! அவருக்குத் துஆச் செய்துவிட்டு வாகனத்தை எடுத்துக்கொண்டு வந்தோம்.

அவர் என்ன செய்திருந்தார் என்பது எமக்குப் பிறகுதான் விளங்கியது. அந்தப் பொத்தானை அமுக்கும்போது தடிக்குள் இருக்கும் மெல்லிய கம்பியொன்று அசைந்து, கீழே பள்ளத்தில் மாட்டியிருக்கும் முளையை விடுவிக்கிறது. முளை விடுபட்டால்தான் தடி 'பீ'யை விட்டு நகரும். அந்த முளைக்கு இன்னொரு காவல் இருக்கிறது. காலால் பிரேக்கை மிதித்தால் மட்டும் திறக்கும் சிறிய மின்பூட்டு அது. பாஸ் என்ன செய்தார் என்றால், கம்பியை எப்போதும் அமுங்கியே இருக்கும்படி வயரால் கட்டிவிட்டார். அப்படிக் கட்டினால் பூட்டு இடைஞ்சல் கொடுக்கும். ஆகவே பூட்டையும் கழற்றிவிட்டார். இரண்டு காவலும் போய்விட்டது. பிரேக்கில் கால் வைக்காமலே, ஒரு விரலால் தட்டினாலே தடி 'பீ'யிலிருந்து 'டீ'க்குப் போகும்.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை பகல். கடைத்தெருவில் வாகனத்தை நிறுத்தி, வெயிலுக்கு ஏசி ஓடட்டும் என்று எஞ்சினை விட்டுவிட்டு, ஒரு நிமிட வேலைக்காக இறங்கினோம். பின்னால் இருந்த ஐந்து வயது மகன் முன் இருக்கைக்கு ஏறி டிரைவர் விளையாட்டு விளையாடியிருக்கிறான். திரும்பிப் பார்க்கும்போது வாகனம் போய்க்கொண்டிருக்கிறது. மெதுவாகத்தான், ஆள் நடக்கும் வேகத்தில். எதிரே இளநீர் வண்டில். அதில் இடித்து, வண்டில் சரிந்து, இளநீர்கள் வீதியெங்கும் உருண்டன. விற்பவர் பக்கத்துக் கடையில் காசு மாற்றப் போயிருந்தார். அல்ஹம்துலில்லாஹ். அவர் வழமையாக நிற்கும் இடம் வண்டிலுக்கும் எமது வாகனத்துக்கும் நடுவில்.

கைபிரேக் போடாதது எமது குற்றம். எஞ்சினை ஓடவிட்டுப் பிள்ளையை உள்ளே விட்டு இறங்கியதும் எமது குற்றம். பிள்ளைகளுக்கு ஒழுங்கு படிப்பிக்கும் நாமே செய்தது. கொமெண்டில் அதை எழுத நினைப்பவர்கள் சிரமப்பட வேண்டாம், நாமே எழுதிவிட்டோம். ஆனால் அந்தப் பூட்டு கண்டுபிடிக்கப்பட்டதே மனிதன் இப்படித்தான் மறப்பான் என்பதற்காக. அமெரிக்காவில், வீட்டு வாசலில் தகப்பன் பின்னால் எடுத்த வாகனத்தில் அகப்பட்டு இரண்டு வயதுக் குழந்தையொன்று இறந்தது. அந்தக் குழந்தையின் பெயராலேயே 2008இல் ஒரு சட்டம் நிறைவேறியது. பின்னால் எடுக்கும்போது தெரியாமல் போகும் பிள்ளைகளைக் காப்பதோடு, 'பீ'யிலிருந்து கியர் மாற வேண்டுமென்றால் பிரேக்கை மிதித்திருக்க வேண்டும் என்பதையும் அச்சட்டம் கட்டாயமாக்கியது. 2010 செப்டம்பருக்குப் பின் அங்கே விற்பனைக்காக உற்பத்தி செய்யப்பட்ட ஓட்டோ கியர் கார்களில் அது இல்லாமல் முடியாது. பிள்ளைகளுக்காகப் போட்ட பூட்டைத்தான் நாம் மூவாயிரம் ரூபாய் கொடுத்துக் கழற்றுகிறோம்.

இடித்த மறுநாள் பாஸிடம் போனோம். சண்டைக்கு அல்ல, பூட்டைத் திரும்பப் போடச் சொல்லி. அவர் மேசைக்கடியிலிருந்து பழைய பிஸ்கட் டின் ஒன்றை எடுத்தார். எமது பூட்டு அதற்குள் இருந்தது. அதோடு இன்னும் பத்துப் பன்னிரண்டு கிடந்தன. எந்தெந்த வாகனத்தில் கழற்றியவை என்று கேட்டோம். "அதெல்லாம் ஞாபகமில்ல சேர். ரெண்டு மூணு வித்தும் போச்சு."

எமக்கு அந்த டின்தான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அது ஒரு கராஜ். எமது ஊரில் எத்தனை கராஜ்?

"வித்தும் போச்சு" என்ற சொல்லைக் கவனியுங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடமும் நாடே இருந்த வாகனங்களைத்தான் கைமாற்றிக் கைமாற்றி ஓட்டியது. மூன்றாவது, நான்காவது உரிமையாளரிடம் போய்ச் சேர்ந்த வாகனங்கள் எமது ஊரில் எத்தனையோ. விற்கும்போது மைலேஜ் பேசுகிறோம், ஹைபிரிட் பற்றரி பேசுகிறோம். கியர் பூட்டு இல்லை என்று சொல்லி விற்றவர் யார்? வாங்கியவருக்குத் தெரியாது, அவரது மனைவிக்குத் தெரியாது, முன் இருக்கையில் ஏறி விளையாடும் பிள்ளைக்கும் தெரியாது. நனைந்த தானியத்தை அடியில் மறைத்து வைத்த வியாபாரியின் சம்பவத்தை எத்தனை ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம். தானியம் என்றால் விளங்குகிறது, கியர் தடி என்றால் விளங்கவில்லையா?

"அதெல்லாம் பெரிய விஷயமில்ல, வாகனம் ஓடுது தானே" என்று ஒரு நண்பர் சொன்னார். வாகனம் ஓடுகிறது. பிரச்சினையே அதுதான்.

இது ஏதோ எமது ஊர்ப் பிரச்சினை மட்டும் என்று நினைக்கவும் வேண்டாம். 2016இல் ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் பதினொரு இலட்சம் வாகனங்களைத் திருப்பி அழைத்தது. அவற்றின் கியர் தடி ஒவ்வொரு முறையும் நடுவுக்கே திரும்பி வந்துவிடும். 'பீ'யில் விழுந்ததா இல்லையா என்று ஓட்டுநருக்குக் கையில் தெரியாது. அந்த ஜூன் மாதம் அன்ரன் யெல்சின் என்ற 27 வயது நடிகர், தன் வீட்டு வாசலில் தானாக உருண்டு வந்த அப்படியொரு ஜீப்பில் நசுங்கி இறந்தார். 2022இல் ஃபோர்ட் நிறுவனம் 29 இலட்சம் வாகனங்களை அழைத்தது. காரணம், கியர் வயரின் நுனியிலுள்ள சிறிய புஷ் கழன்றுவிடக்கூடும் என்பது. தடி 'பீ'யைக் காட்டும், கியர்பெட்டி வேறெங்கோ நிற்கும். சின்னத் துண்டு என்று நாம் கழற்றி எறிவதற்காக அங்கே இலட்சக்கணக்கில் வாகனங்களைத் திருப்பி அழைக்கிறார்கள்.

அந்த அழைப்பும் எமக்கு வராது. ஜப்பானில் பாவித்துவிட்டு இங்கே வந்த வாகனத்துக்கு, கடிதம் போவது ஜப்பான் விலாசத்துக்கு. ஆனால் தயாரிப்பாளரின் ஜப்பானிய இணையத்தளத்தில் சேஸி இலக்கத்தைக் கொடுத்தால் திருப்பியழைப்பு இருக்கிறதா என்று பார்க்கலாம். கைபேசியிலேயே மொழிபெயர்த்துக் காட்டும். மூன்று நிமிட வேலை.

"காசில்லாத சனம் வேறென்ன செய்வது சேர்?" என்பது பாஸின் கேள்வி. நியாயமான கேள்வி. முழு செட் ஒன்றுதான் வழி என்று மேலே இருப்பவன் சொல்வதால்தான் கீழே இருப்பவன் பூட்டைக் கழற்றுகிறான். ஆனால் நடுவில் ஒரு வழி இருந்தது. நாம் தேடவில்லை, அவ்வளவுதான். எமது மைத்துனர் பஞ்சிகாவத்தைக்குப் போய், உடைத்து விற்கும் அதே மாடல் வாகனமொன்றிலிருந்து கியர் தடியின் தலைப்பிடியை மட்டும் பொத்தானோடு வாங்கி பஸ்ஸில் அனுப்பினார். ஆறாயிரத்து ஐநூறு ரூபாய். பாஸே போட்டுத் தந்தார், கட்டியிருந்த வயரை அவிழ்த்து, டின்னிலிருந்த பூட்டையும் மாட்டி. கூலி எடுக்க மறுத்தார். வற்புறுத்திக் கொடுத்தோம்.

இன்னொன்றையும் அவரே சொன்னார். பொத்தான் நன்றாக அமுங்குகிறது, ஆனால் தடி வரவில்லை என்றால் பொத்தானில் பிழையில்லை. பின்னால் பிரேக் லைட் எரிகிறதா என்று முதலில் பாருங்கள். எரியாவிட்டால் பெரும்பாலும் பிரேக் சுவிட்ச் அல்லது பியூஸ். கைபிரேக்கைப் போட்டு, பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, தடிக்குப் பக்கத்திலுள்ள சிறிய மூடியைத் திறந்து சாவி நுனியால் அமுக்கினால் பூட்டு தற்காலிகமாக விடும். கராஜ் வரை ஓட்டிப் போகலாம். வாகனத்தோடு வந்த கையேட்டில் படத்தோடு இருக்கிறது. நாம் அதை பொலித்தீன் கூடக் கழற்றாமல் வைத்திருந்தோம். தடியே இல்லாமல் 'பீ'க்கு மின்சார சுவிட்ச் மட்டும் வைத்திருக்கும் வாகனங்களுக்கு இந்தக் கதை பொருந்தாது. அவற்றில் வீட்டுக் கைவேலை எதுவும் வேண்டாம்.

இன்று இரவே உங்கள் வாகனத்தைப் பாருங்கள். சமதரையில், முன்னும் பின்னும் ஆள் இல்லாத இடத்தில், பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்பிவிட்டு, கைபிரேக்கை நன்றாக இழுத்துப் போட்டு, எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். பிரேக்கிலிருந்து காலை எடுத்து, ஆனால் அதற்கு மேலேயே வைத்துக்கொண்டு, பொத்தானை அமுக்கித் தடியை இழுத்துப் பாருங்கள். வரக்கூடாது. வந்தால் உடனே பிரேக்கை மிதித்து 'பீ'க்குத் தள்ளுங்கள். உங்கள் பூட்டும் ஏதோ ஒரு டின்னுக்குள் இருக்கிறது.

பார்த்தவர்கள் கீழே எழுதுங்கள். வாகன இலக்கம் வேண்டாம், கராஜ் பெயரும் வேண்டாம். 'இருக்கிறது' அல்லது 'இல்லை' என்ற ஒரு சொல் போதும். அடுத்த வாரம் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம் இருக்கிறது. பிள்ளைகளை ஏற்றும் வேன்காரர்களிடமும் இதைக் கேட்க வேண்டும் என்று அங்கே சொல்லப் போகிறோம். கையில் ஒரு எண்ணிக்கையோடு போனால் நல்லது.