செல்போனைப் பிடுங்குவது சுலபம்... பக்கத்தில் உட்காருவது யார்?



கல்யாண வீட்டுப் பந்தியானாலும் சரி, ரயில் பெட்டியானாலும் சரி, குழந்தையின் முன்னால் செல்போனை நிறுத்தி வைத்துச் சோறு ஊட்டும் ஒரு தாயைக் கண்டுவிட்டால் போதும். சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் நீதிபதி ஆகிவிடுகிறார்கள். 'இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குப் பொறுமையே கிடையாது', 'நாங்கல்லாம் நாலு பெத்து வளர்க்கலையா?' என்று ஆளுக்கொரு தீர்ப்பு. அந்தப் பெண்ணோ தலையைக் குனிந்தபடி அடுத்த வாயை ஊட்டுகிறாள். தீர்ப்புச் சொன்னவர்களில் ஒருவராவது, 'இப்படிக் குடும்மா, நான் பார்த்துக்கறேன். நீ போய் முதல்ல சாப்பிடு' என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

சாப்பாட்டு நேரத்தில் செல்போன் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், அந்தப் பழியைத் தாயின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமா என்பதுதான் என் கேள்வி. ஐந்து வயதில் ஒரு மகனும், இரண்டரை வயதில் ஒரு மகளும் உள்ள இல்லத்தரசி நான். தினமும் மூன்று வேளை அந்தத் தட்டுக்கு முன்னால் உட்காருகிறவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

முதலில், அந்தப் படம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். படம் ஓடுகிறது; குழந்தை வாயைத் திறக்கிறது; நாம் திணிக்கிறோம்; அது விழுங்குகிறது. உள்ளே போனது பருப்பு சாதமா, கீரை சாதமா என்று அதற்குத் தெரியாது. அதைவிட முக்கியம், வயிறு நிறைந்ததும் தெரியாது. 'போதும்' என்று முகத்தைத் திருப்புவது, பேச்சு வருவதற்கு முன்பே குழந்தைக்குத் தெரிந்த பாஷை. அதைத்தான் மறக்கடிக்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இரண்டு வயது நிறையாத குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்றும் சொல்லியிருக்கிறது. வேளைக்கு அரை மணி என்று வைத்தாலும், மூன்று வேளைக்கு ஒன்றரை மணி ஆகிவிடுகிறதே!

இதெல்லாம் அந்தத் தாய்க்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். பின் ஏன் காட்டுகிறாள்? ராத்திரி ஏழரை மணிக்கு ஒரு வீட்டுச் சமையலறையை எட்டிப் பாருங்கள், புரியும். ஒரு அடுப்பில் தோசைக்கல், இன்னொன்றில் காலைக்கு வேண்டிய பால். பெரியதுக்கு வீட்டுப்பாடம். மாமனாருக்கு எட்டு மணிக்குள் டிபன் முடித்து மாத்திரை. கணவர் வரும் நேரம். இடுப்பில் சின்னது. ஒரு கிண்ணம் சோற்றை உள்ளே தள்ள அவளுக்குக் கிடைப்பது பதினைந்து நிமிடம். குழந்தைக்கோ முக்கால் மணி வேண்டும். அந்த அரை மணி நேர இடைவெளியில்தான் செல்போன் வந்து உட்கார்ந்துகொண்டது. பொறுமை இல்லாததால் வந்ததல்ல, ஆள் இல்லாததால் வந்தது.

அந்தக் காலத்தில் நிலாவைக் காட்டினோம், காக்காயைக் காட்டினோம் என்பார்கள். உண்மைதான். ஆனால், அப்போது திண்ணையில் ஒரு பாட்டி இருந்தாள்; பக்கத்து வீட்டு அக்கா இருந்தாள்; தாவணி போட்ட அத்தை இருந்தாள். நிலா சோறு ஊட்டவில்லை, ஆட்கள்தான் ஊட்டினார்கள். இன்று நிலா அப்படியேதான் இருக்கிறது, ஆட்களைத்தான் காணோம். இருக்கிற ஆட்களும் ஆளுக்கொரு செல்போனோடு ஹாலில் இருக்கிறார்கள்.

மத்திய அரசின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வைப் பாருங்கள். வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள்; ஆண்களில் வீட்டு வேலை செய்கிறவர்கள் செலவிடுவது 88 நிமிடம். அதாவது நமக்கு ஐந்து மணி நேரத்துக்குப் பதினொரு நிமிடம்தான் குறைவு. சம்பளம் இல்லாத இந்த வேலைக்கு நடுவில் 'ஏன் படம் காட்டறே?' என்று கேட்பவர்களுக்கு, 'சரி, நீங்க வந்து உட்காருங்க' என்பதைத் தவிர வேறென்ன பதில் சொல்வது?

இன்னொரு விஷயம். 'ஒரு வயசு வரைக்கும் நல்லா சாப்பிட்டான், இப்போ வாயே திறக்க மாட்டேங்கறான்' என்று பல தாய்மார்கள் பயப்படுகிறார்கள். பயம்தான் செல்போனைக் கையில் எடுக்க வைக்கிறது. மூன்று கிலோவில் பிறந்த குழந்தை, முதல் பிறந்த நாளுக்குள் ஏறக்குறைய ஒன்பது கிலோவாகிறது. ஆனால், இரண்டாம் வருடம் முழுக்க அது ஏறுவது ஏறத்தாழ இரண்டிலிருந்து இரண்டரை கிலோதான். வளர்ச்சியின் வேகம் குறைகிறது, பசியும் குறைகிறது. இது நோயல்ல, இயற்கை. எடை சரியாக ஏறுகிறதா என்று அங்கன்வாடியிலோ, டாக்டரிடமோ பார்த்துவிட்டால் போதும். எடை ஏறவில்லை, சோர்ந்தே கிடக்கிறது என்றால் டாக்டரிடம்தான் போக வேண்டும். அதற்கும் படம் மருந்தல்ல.

நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பந்தியைப் பார்த்திருக்கிறீர்களா? 1982-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் தொடங்கியபோது, பாலர் பள்ளியின் இரண்டு வயதுக் குழந்தையிலிருந்தே சோறு போட்டார்கள். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோதும், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உப்புமாவையும் பொங்கலையும் தங்கள் கையாலேயே எடுத்துச் சாப்பிட்டன. வீட்டில் படம் இல்லாமல் வாய் திறக்காத வாண்டு, அங்கே மட்டும் எப்படிச் சாப்பிடுகிறது? பக்கத்தில் இன்னொரு வாண்டு சாப்பிடுகிறதே, அதனால்தான்! குழந்தைக்குத் தேவை படம் அல்ல, பந்தி.

இதை மனதில் வைத்துத்தான் பெரியவனுக்குச் சோறு கொடுக்க ஆரம்பித்த நாளிலேயே நானும் என் கணவரும் ஒரு முடிவு எடுத்தோம். குழந்தை சாப்பிடும்போது பெரியவர் ஒருவராவது தன் தட்டோடு கூட உட்கார வேண்டும். இரண்டு பேர் செல்போனும் அந்த நேரத்தில் பிரிட்ஜ் மேலே. அவர் கடையிலிருந்து எட்டு மணிக்கு வருவார். கை கால் கழுவியதும் நேராகத் தட்டுதான். என் மாமியாருக்கு ஆரம்பத்தில் இது பிடிக்கவில்லை. 'நாள் பூரா நின்னுட்டு வர்ற புள்ளை, வந்ததும் குழந்தைக்குச் சோறு போடணுமா?' என்றார். அவரோ, 'நான் போடலைம்மா. நானும் சாப்பிடறேன், அதுவும் சாப்பிடுது' என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வாக்கியத்தில் பிரச்னை முடிந்தது.

தரையில் பழைய புடவையை விரிக்கிறேன். சின்ன எவர்சில்வர் தட்டில் குழைய வடித்த ரசம் சாதம் கொஞ்சம், காய் ஒரு ஓரத்தில். சின்னவளே எடுத்துச் சாப்பிடுகிறாள். பாதி வாய்க்குள், கால் பங்கு கவுனில், மீதி புடவையில். அரை மணி ஆனதும் தட்டை எடுத்துவிடுவேன். கெஞ்சுவதும் இல்லை, மிரட்டுவதும் இல்லை. என்ன சமைப்பது, எப்போது கொடுப்பது என்பது நம் முடிவு. எவ்வளவு சாப்பிடுவது என்பது அதன் முடிவு. சில ராத்திரி அரை இட்லியோடு எழுந்துவிடுகிறாள். மறுநாள் காலை அதற்கும் சேர்த்துச் சாப்பிடுகிறாள். கையால் சாப்பிடும் குழந்தையைத் தனியே விடவும் கூடாது. முழுக் கடலை, முழு திராட்சை போன்றவை தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஐந்து வயதுக்குள் அவற்றை முழுதாகக் கொடுக்கவே கூடாது. ஆக, எப்படிப் பார்த்தாலும் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்!

இதில் எனக்குக் கிடைத்த லாபம் என்ன தெரியுமா? எல்லாரும் சாப்பிட்ட பிறகு, ஆறிப்போன தோசையும் குழந்தை மிச்சம் வைத்த சாதமும்தான் நம்மில் பலருக்கு ராத்திரி சாப்பாடு. நான் சூடாகச் சாப்பிடுகிறேன், சகோதரிகளே! அவர் உட்காரும் நாளில் நான் தோசை வார்ப்பேன்; நான் உட்காரும் நாளில் அவர் வார்ப்பார். அவர் வார்த்தால் வட்டமாக வராதுதான். 'அப்பா, இன்னிக்கு இந்தியா மேப்பா?' என்று கேட்டுக்கொண்டே பெரியவன் இரண்டு தோசை சாப்பிட்டுவிடுகிறான். அவன் பள்ளியில் யாரோடு சண்டை, யார் பென்சிலை உடைத்தது எல்லாம் அந்த அரை மணியில்தான் வெளியே வருகிறது. தனியாகக் கூப்பிட்டு விசாரித்தால், 'ஒண்ணுமில்லை' என்பான்.

'எங்க வீட்டுல நானும் குழந்தையும் மட்டும்தான், அவர் வர்றதுக்குப் பத்து மணி ஆகும்' என்று சிலர் சொல்லக்கூடும். எங்கள் மாடியில் குடியிருக்கும் பெண்ணுக்கும் இதே நிலைமைதான், வேலைக்கும் போகிறாள். அவளிடம் நான் சொன்னது இதுதான்: 'குழந்தைக்கு ஊட்டிட்டு அப்புறம் சாப்பிடறேன்னு இருக்காதே. அடுப்பை அணைச்சுட்டு, உன் தட்டையும் போட்டுக்கிட்டு எதிரே உட்காரு. சமையல் ஒரு குழம்போட நிக்கட்டும்.' முதல் வாரம் ஒரே அழுகை, மாடி அதிர்ந்தது. சனி, ஞாயிறில் அவள் கணவரும் கூட உட்கார்ந்தார். இப்போது அந்தப் பையன், அம்மா தட்டிலிருக்கும் அப்பளத்துக்குச் சண்டை போடுகிறான்!

ஆகவே, மாமியார்மார்களே, நாத்தனார்களே, உங்கள் பிள்ளைகளுக்கும் தம்பிகளுக்கும் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள். குழந்தைக்குச் சோறு போடுவது அம்மாவுக்கு மட்டும் எழுதி வைத்த வேலையல்ல. ஒரு வீட்டில் ஒரு வேளையாவது குழந்தையோடு அப்பாவோ, தாத்தாவோ, அத்தையோ தட்டோடு உட்காரட்டும். பிறகு செல்போனை யாரும் பிடுங்க வேண்டாம். அது தானாகவே ஓரமாய்ப் போய்விடும்.

அடுத்த முறை எங்கேயாவது ஒரு இளம் தாய் படம் காட்டிச் சோறு ஊட்டுவதைப் பார்த்தால், தீர்ப்புச் சொல்லாதீர்கள். அவள் சாப்பிட்டாளா என்று கேளுங்கள். கேட்டதோடு நிற்காமல், பக்கத்தில் போய் உட்காருங்கள்.

செய்வீர்களா தோழிகளே?

- ஓர் இல்லத்தரசி, கும்பகோணம்.