மொய் நோட்டுல ஒரு வெள்ளைக்காரம்மா

ஊரூர் ஆல்காட் குப்பத்துல நான் வழக்கமா மீன் வாங்குற அக்கா, பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிகை வெச்சாங்க. எங்க ஆபீஸுக்கு ஜெர்மனியில இருந்து மூணு மாச வேலையா வந்திருந்த பொண்ணு, "நானும் வரலாமா?"ன்னு கேட்டா. தயங்கித்தான் அக்காகிட்ட சொன்னேன். "கூட்டிக்கினு வா தம்பி, இதைப் போய் கேட்டுக்கினு இருக்க!" மேட்டர் ஓவர்.

முதல் நாள் ரிசப்ஷன்லயே எனக்குக் கடுப்பாயிடுச்சு. வீடியோக்காரர் கல்யாணப் பொண்ணை விட்டுட்டு இவ பக்கமே லைட்டைத் திருப்புறார். முன் வரிசையில சோபா, தனி கவனிப்பு. ஆளாளுக்கு செல்ஃபி. பாவம், அவளுக்கே கூச்சம். வெள்ளைத் தோலைப் பார்த்தா நாம ஏன் இப்படி ஆகிடறோம்?

இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு மக்களே. வெளிநாட்டுக்காரங்க காசு கட்டி நம்ம ஊர் கல்யாணத்துல கலந்துக்கறதுக்குன்னே 2016ல 'ஜாயின் மை வெட்டிங்'னு ஒரு இணையதளம் ஆரம்பிச்சாங்க. கல்யாண வீட்டுக்கும் அதுல பங்கு உண்டு. செலவுல முழி பிதுங்குற குடும்பத்துக்கு நாலு காசு வந்தா நல்லதுதானே? ஒத்துக்கறேன். ஆனா டிக்கெட் வாங்கினவர் பார்வையாளர். பார்த்து முடிச்சதும் கணக்கும் முடிஞ்சுது.

மொய் அப்படி இல்ல. இன்னைக்கு நீ எழுதறது, நாளைக்கு உன் வீட்டு விசேஷத்துக்குத் திரும்பி வரணும். வரவும் கடனும் கலந்த உறவு அது. விருந்தாளிக்கும் வேடிக்கை பார்க்க வந்தவனுக்கும் வித்தியாசம் இந்த ஒரு நோட்டுதான்னு நினைக்கிறேன்.

சரி, ஜெர்மன்காரியை விடுங்க. நான் மட்டும் என்னவாம்? 2015ல டி.எம்.கிருஷ்ணா, நித்யானந்த் ஜெயராமன் எல்லாம் குப்பத்து மக்களோட சேர்ந்து அங்க விழா நடத்தினாங்க. கர்நாடக சங்கீதம் சபாவை விட்டு மீனவர் தெருவுக்கு வந்த விழா. பெசன்ட் நகர்ல வருஷக்கணக்கா குடியிருக்குற நான், அன்னைக்குத்தான் முதல் தடவையா குப்பத்துக்குள்ள கால் வெச்சேன். நடந்தா பத்து நிமிஷம்! அன்னைக்கு வழி தெரியாம முழிச்ச வெளிநாட்டுக்காரன் நான்தான் :-) உட்கார நாற்காலி கொண்டுவந்து போட்டது இதே அக்கா. பழக்கமே அப்படித்தான் ஆச்சு.

வெள்ளைக்காரர் அந்த ஊருக்குப் புதுசும் இல்ல. ஊர்ப் பேருலயே ஒருத்தர் இருக்காரே! அமெரிக்காவுல இருந்து வந்த கர்னல் ஆல்காட். 1882ல அடையாறுக்கு வந்தவர், 1894ல தலித் பிள்ளைங்களுக்காக இலவசப் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சார். 1907ல இங்கயே செத்தும் போனார். வந்தோம், பார்த்தோம், போனோம்னு இருந்திருந்தா குப்பத்துக்கு அவர் பேர் நின்னிருக்குமா?

கல்யாணத்தன்னைக்கு நான் மொய் எழுதறதைப் பார்த்துட்டு அவளும் விவரம் கேட்டா. சொன்னேன். உடனே 501 ரூபா எடுத்து நீட்டினா. நோட்டு வெச்சிருந்த பெரியவர் "பேரு? ஊரு?"ன்னார். பேரை ரெண்டு தடவை கேட்டும் அவர் வாய்ல நுழையல. கடைசியில 'வெள்ளைக்காரம்மா, ஜெர்மனி - 501'னு எழுதினார்.

அவ ஊருக்குப் போய் மாசக்கணக்காச்சு. போன வாரம் வஞ்சிரம் வெட்டிக்கிட்டே அக்கா கேட்டாங்க: "அந்தப் பொண்ணுக்கு எப்ப தம்பி கல்யாணம்? நாம திருப்பிச் செய்யணுமே!"

டிஸ்கி: என் மொய் எவ்வளவுன்னு பின்னூட்டத்துல யாரும் கேட்கப்படாது!